நிற்கக் கற்ற சருகுமான்

மூன்று ஓடைகள் ஒன்று கூடும் ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரு பொதுப் பள்ளிக்கூடம் இருந்தது. அதற்குச் சுவர் கிடையாது, கூரையும் கிடையாது. பெரிய அத்தி மரம் ஒன்றின் நிழல்தான் பள்ளி. எந்தக் குட்டி வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

அங்கே ஒரே ஓர் ஆசிரியர். அவர் ஒரு கடமான். அவரிடம் அறுபத்து மூன்று பிள்ளைகள் படித்தார்கள். காற்றை மோந்து பார்ப்பது, சத்தத்தைக் கவனிப்பது, வளைந்து வளைந்து ஓடுவது, நீந்துவது, ஒளிந்துகொள்வது என்று ஐந்து பாடங்கள். ஐந்தையும் எல்லோரும் கற்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் தேர்வு.

எல்லோருக்கும் எல்லாம் வந்துவிடுமா? முயல்குட்டி நீச்சலில் தண்ணீர் குடித்துத் திணறும். முள்ளம்பன்றிக் குட்டி ஓட்டத்தில் எப்போதும் கடைசி. காட்டுப்பன்றிக் குட்டி புதரில் ஒளிந்துகொண்டு, பசி பொறுக்காமல் உறுமித் தன்னையே காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லோரையும்விடப் பின்தங்கியவள் குறுமணி. அவள் ஒரு சருகுமான் குட்டி. உடம்பு முயல் அளவுதான் இருக்கும். கால்கள் குச்சிகளைப் போல இருக்கும். ஆசிரியர் "ஓடு!" என்று கத்தினால் மற்றவர்கள் பறப்பார்கள். குறுமணி மட்டும் நின்ற இடத்தில் அப்படியே விறைத்து நின்றுவிடுவாள்.

"மக்கு! மக்கு!" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். மாலையில் அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வருவாள்.

அவளுடைய தாயின் பெயர் வெண்வரி. ஒரு நாள் அவள் பொறுக்க முடியாமல் ஆசிரியரிடம் போனாள்.

"ஐயா, இரண்டு மழைக்காலம் போய்விட்டது. என் பெண்ணுக்கு இன்னும் ஓட வரவில்லையே?"

கடமான் பெருமூச்சு விட்டார். "அம்மா, எனக்கு அறுபத்து மூன்று பிள்ளைகள். ஒருத்தியை மட்டும் பிடித்துக்கொண்டு நான் நிற்க முடியுமா? பயத்தில் நின்றுவிடுகிறாள். ஆனால் நேற்று நான்கு அடி ஓடினாள். மெதுவாக வரும். இன்னும் ஒரு மழைக்காலம் பொறுங்கள்."

"அதுவரை அவள் அழுதுகொண்டே இருக்க வேண்டுமா?"

அதற்குள் நீர்நாய்க் குட்டிகள் இரண்டு சண்டை போட்டுக்கொள்ளவே, அவர் அங்கே ஓடினார்.

வெண்வரி ஓடைக்கரைக்கு வந்தாள். அங்கே முயல் தாயும், காட்டுப்பன்றித் தாயும், முள்ளம்பன்றிக் குட்டியின் தந்தை கூரனும் நின்று இதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என் மகன் இரண்டு முறை தோற்றுவிட்டான்" என்றான் கூரன்.

"படித்து என்ன கண்டோம்? எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரியும், எதுவும் முழுதாகத் தெரியாது" என்றாள் காட்டுப்பன்றித் தாய்.

"பள்ளியை யாராவது மாற்ற மாட்டார்களா?" என்றாள் வெண்வரி.

இதையெல்லாம் ஈச்சம்புதருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு நரி கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டதும் நேராகப் புலியின் குகைக்குப் போனது.

அந்தக் காட்டுக்குப் புலிதான் அரசன். ஆனால் அதற்கு வயதாகிவிட்டது. கடைவாய்ப் பல் ஒன்று விழுந்துவிட்டது. நான்கு முறை பாய்ந்தால் மூன்று முறை வெறும் மண்தான் நகத்தில் ஒட்டியது.

"நரியே, என் அப்பா காலத்தில் குட்டிகளைப் பிடிப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா? இப்போது நான் மூச்சு விட்டாலே மோப்பம் பிடித்துவிடுகின்றன. துரத்தினால் வளைந்து ஓடுகின்றன, தண்ணீரில் குதிக்கின்றன. எல்லாம் அந்தக் கடமானின் பள்ளியால் வந்த வினை. நாளைக்கே அதை மூடிவிடப் போகிறேன்!"

"மூட வேண்டாம், அரசே" என்றது நரி.

"ஏன்?"

"மூடினால் தாய்மார்கள் வீட்டில் வைத்து ஐந்து பாடத்தையும் சொல்லிக்கொடுப்பார்கள். பள்ளி திறந்தே இருக்கட்டும். நாம் அதைச் சீர்படுத்துவோம்."

"சீர்படுத்துவதா?"

நரி அருகே வந்து புலியின் காதோடு ஏதோ சொன்னது. புலி வெகுநேரம் யோசித்தது. பிறகு அதன் வால் மெல்ல ஆடத் தொடங்கியது.

மறுநாள் காலை, காட்டிலுள்ள பெற்றோர் எல்லோரும் அத்தி மரத்தடியில் கூட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. நரி ஒரு பாறையின் மேல் ஏறி நின்றது.

"பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் தோற்றார்கள் என்று யார் சொன்னது? தோற்றது உங்கள் பிள்ளைகள் இல்லை. தோற்றது இந்தப் பள்ளி!"

இதுவரை யாரும் அவர்களிடம் இப்படிப் பேசியதில்லை. முயல் தாயின் கண்கள் கலங்கின.

"முயலுக்கு எதற்கு நீச்சல்? முள்ளம்பன்றிக்கு எதற்கு ஓட்டம்? ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் ஒரு திறமை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, அதை மட்டும் வளர்ப்பதுதான் இனிமேல் நம் பள்ளியின் வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாடம், தனித் தேர்வு. ஒருவரும் தோற்கமாட்டார்கள். படிப்பு முடிந்த அன்றே கையில் வேலை!"

எல்லோரும் மகிழ்ச்சியில் ஆரவாரம் செய்தார்கள். கூரன் மட்டும் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்தான்.

"வேலையை யார் தருவார்கள், நரியாரே?"

"அரண்மனை தரும்."

"அரண்மனை என்றால்... புலியிடமா?"

"ஏன் பயப்படுகிறீர்கள், அண்ணா? தன்னிடம் வேலை செய்பவரை எந்த அரசராவது தொடுவாரா? நான் பத்து வருடமாக அவரிடம் வேலை பார்க்கிறேன். என் உடம்பில் ஒரு கீறல் இருக்கிறதா, பாருங்கள்."

நரி பாறையின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியது. கீறல் எதுவும் இல்லை.

"சரி, முள்ளம்பன்றிக்கு அங்கே என்ன வேலை இருக்கும்?" என்று கூரன் மறுபடியும் கேட்டான்.

"உட்காருங்கள், கூரன் அண்ணா!" என்று காட்டுப்பன்றித் தாய் அதட்டினாள். "நல்லது நடக்கும்போது குறுக்கே பேசாதீர்கள்."

வெண்வரியும் அப்படித்தான் நினைத்தாள். கூரன் உட்கார்ந்துவிட்டான்.

அன்றிலிருந்து நரி ஒவ்வொரு குட்டியையும் தனியாக அழைத்துப் பேசியது. யாரையும் மிரட்டவில்லை, அவசரப்படுத்தவில்லை. குறுமணியின் முறை வந்தபோது அவள் நடுங்கிக்கொண்டே போனாள்.

"உனக்கு எது நன்றாக வரும், கண்ணு?"

"ஒன்றும் வராது."

"பயம் வந்தால் என்ன செய்வாய்?"

"அப்படியே நின்றுவிடுவேன்."

"எவ்வளவு நேரம்?"

"பயம் போகும்வரைக்கும்."

"அசையவே மாட்டாயா? கண்கூட இமைக்காதா?"

குறுமணி வெட்கத்தோடு தலை குனிந்தாள். "இமைக்காது. அதனால்தான் எல்லோரும் மக்கு என்கிறார்கள்."

"இதையா மக்குத்தனம் என்கிறார்கள்?" நரியின் குரல் குழைந்தது. "இந்தக் காட்டில் இப்படி நிற்க வேறு யாருக்குமே வராது. இது உன் குறை இல்லை, குறுமணி. இதுதான் உன் திறமை!"

நரி ஒரு தேக்கிலையை எடுத்து, அதில் நகத்தால் 'அசையாமை' என்று கீறி அவளிடம் கொடுத்தது. அதுதான் அவளுடைய பாடத்திட்டம்.

அன்று குறுமணி அழாமல் வீட்டுக்கு வந்தாள். தேக்கிலையை வாயில் கவ்விக்கொண்டு துள்ளித் துள்ளி வந்தாள். "அம்மா, எனக்கும் ஒன்று நன்றாக வருமாம்!" என்றாள். வெண்வரி அவளை நக்கிக் கொடுத்தாள். மகள் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது என்று எண்ணிப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

கடமான் ஆசிரியருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "நிற்பதெல்லாம் ஒரு பாடமா, நரியாரே?" என்று கேட்டார்.

"ஐயா, போன வருடம் உங்கள் தேர்வில் எத்தனை பேர் தோற்றார்கள்?"

"இருபத்திரண்டு பேர்."

"என் தேர்வில் எத்தனை பேர் தோற்பார்கள் தெரியுமா? ஒருவர்கூட இல்லை. இத்தனை வருடம் பிள்ளைகளை அழவைத்த நீங்களா கேள்வி கேட்பது?"

ஆசிரியர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். பிள்ளைகளை அழவைத்தது அவர் மனத்தில் முன்பே உறுத்திக்கொண்டிருந்த விஷயம். அதனால் அவர் ஐந்து பாடங்களையும் ஓரமாக வைத்துவிட்டு, தேக்கிலைகளில் எழுதியிருந்ததைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

முயல்குட்டிக்கு வட்ட ஓட்டம். புறப்பட்ட இடத்துக்கே வேகமாகத் திரும்பி வர வேண்டும். முள்ளம்பன்றிக் குட்டிக்குப் பணிவு. யார் அருகே வந்தாலும் முட்களை மடக்கிப் படுக்க வேண்டும். காட்டுப்பன்றிக் குட்டிக்குச் சாப்பாடு. கிழங்கு எது, பழம் எது என்று தின்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் நாளுக்கு நாள் பருத்தான்.

குறுமணி அத்தி மரத்தடியில் ஒரு கல்லின் மேல் நின்றாள். முதலில் நரி சருகுகளை அவள் மேல் கொட்டியது. அவள் அசையவில்லை. பிறகு ஒரு வண்ணத்துப்பூச்சி அவள் மூக்கின் மேல் உட்கார்ந்து இறகை விரித்து மூடியது. அப்போதும் அசையவில்லை. கடைசியில் நரி அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, புலியைப் போலவே உறுமிக் காட்டியது. குறுமணி கல்லோடு கல்லாக நின்றாள்.

"அருமை! நூற்றுக்கு நூறு!" என்று கத்தினார் கடமான். தன் பள்ளியில் ஒரு பிள்ளை இத்தனை நன்றாகத் தேறியதை அவர் அதுவரை பார்த்ததில்லை. அவருக்கே பெருமையாக இருந்தது.

தேர்வில் எல்லோரும் முதல் மாணவர்கள். எல்லோர் கழுத்திலும் காட்டு மல்லிகை மாலை. தாய்மார்கள் பார்த்துப் பார்த்துப் பூரித்தார்கள்.

ஒரு நாள் மாலை வெண்வரியும் குறுமணியும் ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று காற்றில் செந்நாய் வாடை வந்தது. வெண்வரி ஒரே பாய்ச்சலில் புதருக்குள் புகுந்தாள். திரும்பிப் பார்த்தால், மகள் கரையிலேயே நிற்கிறாள்!

தாய் மறுபடியும் ஓடி வந்து, தலையால் முட்டி முட்டித் தள்ளி, அவளைப் புதருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாள். செந்நாய் அவர்களைக் கவனிக்காமல் வேறு பக்கம் போய்விட்டது.

"ஏன் ஓடவில்லை?" வெண்வரிக்கு மூச்சு வாங்கியது.

"ஓட்டம் என் பாடம் இல்லையே, அம்மா. அது முயலின் பாடம்."

மறுநாள் வெண்வரி பள்ளிக்குப் போய், "ஐயா, அவளுக்குக் கொஞ்சம் ஓடவும் சொல்லிக்கொடுங்கள்" என்றாள்.

"இப்போது வேறு பாடத்தைக் கலந்தால் அவளுடைய நிலை குலைந்துவிடும், அம்மா" என்றார் ஆசிரியர். "ஓடப் பழகிய கால் அசையாமல் நிற்காது. வேலைக்குப் போகும் நேரத்தில் இது தேவையா?"

சரி, நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்று வெண்வரி முடிவு செய்தாள். அன்று மாலை மகளை ஒரு வெட்டவெளிக்கு அழைத்துப் போனாள்.

"நான் 'ஓடு' என்றதும் அந்த வேப்ப மரம்வரை ஓடு."

குறுமணி இரண்டு அடி வைத்தாள். கால் பின்னி விழுந்தாள். எழுந்து மறுபடி ஓடி, மறுபடி விழுந்தாள். மூன்றாவது முறை அவள் எழுந்திருக்கவில்லை. மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள்.

"நான் மறுபடியும் மக்கு ஆக வேண்டுமா, அம்மா? பள்ளியில் நான்தான் முதல். உனக்கு அது பிடிக்கவில்லையா?"

அந்தக் கேள்விக்கு முன்னால் வெண்வரியின் பிடிவாதம் கரைந்துபோனது. அவள் மகளின் முகத்திலிருந்த மண்ணை நக்கித் துடைத்தாள். "வேண்டாம். வா, வீட்டுக்குப் போகலாம்" என்றாள். அதற்குப் பிறகு ஓட்டத்தைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை.

வெயில் காலம் தொடங்கியது. முதல் அணியாகப் பன்னிரண்டு பிள்ளைகள் படிப்பை முடித்தார்கள். நரி மரத்தடியில் நின்று வேலைகளை அறிவித்தது.

"முயலின் மகன், அரண்மனையின் வட்டத் தூதன்! காட்டுப்பன்றியின் மகன், அரசரின் உணவுச் சோதனையாளன்! கூரனின் மகன், அரசரின் அந்தரங்கப் பணியாளன்! வெண்வரியின் மகள் குறுமணி, அரண்மனைச் சுனையின் வரவேற்பாளர்!"

ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல் எழுந்தது.

"நாங்களும் கூட வந்து விட்டுவிட்டு வரலாமா?" என்று கூரன் கேட்டான்.

"கூடாது, அண்ணா. முதல் நாள் பிள்ளைகள் தனியாகத்தான் போக வேண்டும். அப்போதுதான் தன்னம்பிக்கை வளரும்."

பன்னிரண்டு பிள்ளைகளும் மாலை போட்டுக்கொண்டு வரிசையாக நரியின் பின்னால் நடந்தார்கள். குறுமணி ஒரு முறை திரும்பித் தாயைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மூங்கில் காட்டுக்குள் மறைந்துவிட்டாள்.

வெண்வரி வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே ஓர் ஓரமாகப் படுத்துக்கொண்டாள். உச்சி வெயில் ஏறியதும் காற்று திசை மாறியது. சுனைப் பக்கமிருந்து வீசியது. வெண்வரி மூக்கை உயர்த்தி மோந்தாள்.

புலி வாடை. அதோடு கலந்து, இளம் ரத்தத்தின் வாடை.

அவள் ஓடினாள். முள்ளும் கொடியும் கிழிக்கக் கிழிக்க ஓடினாள். சுனைக்கரைக்கு வந்தபோது, ஒரு தட்டைப் பாறையின் மேல் குறுமணி நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் மாலை வாடியிருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. நான்கு கால்களும் சரியாகச் சேர்ந்திருந்தன. கீழே சுனை நீரில் ரத்தம் ஓடியது, மற்ற பதினொரு மாலைகளும் கரையில் அறுந்து கிடந்தன.

பத்தடி தள்ளிப் புலி வந்துகொண்டிருந்தது. அது பதுங்கவில்லை, ஓடவில்லை. வயிறு பாதி நிறைந்தவன் அடுத்த கவளத்துக்குக் கை நீட்டுவதைப் போல, சோம்பலாக நடந்து வந்தது.

"குறுமணி, ஓடு!" என்று அலறினாள் வெண்வரி. "ஓடு! ஓடு!"

குறுமணி திரும்பவில்லை. அவளுடைய ஒரு காது மட்டும் லேசாகத் துடித்தது. உதட்டை அசைக்காமல் அவள் முணுமுணுத்தாள்.

"பேசாதே, அம்மா. இன்றுதான் எனக்கு முதல் நாள்."

வெண்வரி புலியின் மேல் பாய்ந்தாள். அதன் முன்னங்காலில் மோதி உருண்டாள். கல்லில் இலை பட்டதைப் போல இருந்தது. புலி அவளைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு கையை உயர்த்தியது.

குறுமணி கடைசிவரை அசையவில்லை.

புலி வெண்வரியின் பக்கம் திரும்பியபோது, அவளுடைய கால்கள் அவளைக் கேட்காமலே ஓடின. வளைந்து வளைந்து ஓடின. அவள் அந்தக் கால்களைச் சபித்தாள். அவை நிற்கவில்லை.

பள்ளிக்கு வந்ததும் அவள் ஆசிரியரின் முன்னால் விழுந்தாள். நடந்ததைச் சொன்னாள். கடமான் நின்றபடியே கேட்டார்.

"நூற்றுக்கு நூறு கொடுத்தேனே" என்றார்.

செய்தி பரவிப் பெற்றோர் கூடினார்கள். நரியும் வந்தது. அதன் முகத்தில் கவலை நிரம்பி இருந்தது.

"வெண்வரி அக்காவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்றது நரி. "ஒரே மகள். பிரிவைத் தாங்க முடியவில்லை. கண்ணுக்கு ஏதேதோ தெரிகிறது. பன்னிரண்டு பேரும் அரண்மனையில் நலமாக இருக்கிறார்கள். வேலை அதிகம் என்பதால் இப்போதைக்கு வீட்டுக்கு வர முடியாது. அவ்வளவுதான்."

"பொய்!" என்று கத்தினாள் வெண்வரி. "என் கண்ணால் பார்த்தேன். சுனையில் ரத்தம் ஓடியது. பன்னிரண்டு பேரையும் தின்றுவிட்டது!"

காட்டுப்பன்றித் தாய் முன்னால் வந்தாள்.

"உன் மகளுக்கு வேலை நிலைக்கவில்லை என்றால் அதை உன்னோடு வைத்துக்கொள். என் மகனைச் சேர்க்காதே. அவன் அரண்மனையில் இருக்கிறான். வயிறார உண்டுகொண்டிருக்கிறான். கேட்டாயா? இருக்கிறான்!"

மற்ற பத்துப் பேரின் தாய்மார்களும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். வெண்வரி சொல்வதை நம்பினால், அந்தக் கணமே அவர்கள் ஒவ்வொருவரும் அழத் தொடங்க வேண்டியிருக்கும். நரி சொல்வதை நம்பினால் வீட்டுக்குப் போய்ச் சமாதானமாக உட்காரலாம். அவர்கள் நரியை நம்பினார்கள்.

மறுநாள் கடமான் ஆசிரியர் வகுப்புக்கு வந்து, "பிள்ளைகளே, தேக்கிலைகளைக் கீழே போடுங்கள். இன்று எல்லோரும் ஓடக் கற்போம்" என்றார்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஐயா, அது எங்கள் இலையில் இல்லையே" என்றது ஒரு குட்டி.

"இல்லாவிட்டால் என்ன? எழுந்திருங்கள். ஓடுங்கள்!"

சில பிள்ளைகள் ஓடி விழுந்தார்கள். சிலர் அழுதார்கள். அன்று மாலையே தாய்மார்கள் திரண்டு வந்தார்கள். "பழைய கொடுமையை மறுபடி ஆரம்பித்துவிட்டார். இவர் எங்களுக்கு வேண்டாம்" என்று நரியிடம் முறையிட்டார்கள்.

"பெற்றோரின் விருப்பமே என் விருப்பம்" என்றது நரி.

கடமான் மலைப் பக்கம் நடந்து போனார். வழியில் யாரும் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரை அந்தக் காட்டில் யாரும் பார்க்கவில்லை.

மழை வந்தது. புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாளும் வந்தது. விடியற்காலையிலேயே வெண்வரி பள்ளிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் நடுவில் போய் நின்றாள். அவள் இளைத்துத் துரும்பாகியிருந்தாள். குட்டியோடு வந்த ஒவ்வொருவரையும் மறித்துப் பேசினாள்.

"போகாதே, தங்கச்சி. பிள்ளையைத் திருப்பி அழைத்துக்கொண்டு போ."

"பாவம், மனம் பேதலித்துவிட்டது" என்று சொல்லிவிட்டு அவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

எல்லோரும் போன பிறகு, கடைசியாகக் கூரன் வந்தான். அவன் பக்கத்தில் அவனுடைய இளைய குட்டி நடந்து வந்தது. அதன் முட்கள் இன்னும் பஞ்சு போல மிருதுவாக இருந்தன.

"நீங்களுமா, கூரன் அண்ணா?" என்றாள் வெண்வரி. "நீங்கள் ஒருவர்தானே அன்று கேள்வி கேட்டீர்கள். நான் சொல்வதை நீங்களாவது நம்புங்கள்."

கூரன் குட்டியைக் கொஞ்சம் முன்னால் போகச் சொன்னான். அது கேட்காத தூரத்துக்குப் போனதும் தாழ்ந்த குரலில் பேசினான்.

"நம்பாமல் என்ன, தங்கச்சி? அடுத்த வாரமே நான் சுனைக்குப் போய்ப் பார்த்தேன். என் மூத்தவனின் முட்கள் அங்கே கிடந்தன. எல்லாம் மடங்கியே கிடந்தன."

"தெரிந்துமா இவனை அழைத்து வந்தீர்கள்?"

"வீட்டில் இவன் அம்மா தினமும் ஒரு கிழங்கை எடுத்து வைக்கிறாள். பெரியவன் விடுப்பில் வந்தால் தின்பானாம். சின்னவனை நான் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் நான் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் அன்றைக்கே செத்துவிடுவாள்." கூரன் நிலத்தைப் பார்த்தான். "காட்டில் வேறு பள்ளியும் இல்லை. எல்லோரும் அனுப்புகிறார்கள். நான் ஒருவன் என்ன செய்வது?"



"அப்பா, நேரமாகிறது!" என்று குட்டி தூரத்திலிருந்து கூப்பிட்டது.

"வழி விடு, தங்கச்சி" என்றான் கூரன்.

வெண்வரி ஓரமாக ஒதுங்கி வழி விட்டாள்.

நீதி: பிள்ளைக்கு என்ன வேலை கிடைக்கும் என்று மட்டும் கேட்காதே, அந்த வேலையால் யாருடைய வயிறு நிறையும் என்றும் கேள்.